மாமியார் முகம் தெரியாத மருமகள்

கண் ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, நல்லாயிருங்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் பாஸானது முருகன் செயல். உத்திரமேரூரில் ஒரு சின்ன தரும கண் ஆஸ்பத்திரியில் வாசல் பெருக்கச் சேர்ந்தேன். அவர்களே பயிற்சிக்கு அனுப்பிப் பார்வை சோதிக்கிறவனாக ஆக்கினார்கள். ரிட்டயர் ஆகும்வரை ஊருக்கு நான் 'கண்ணாடி சார்'தான். என் பெயர் என்னவென்று என் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

மிஷின்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது நீங்கள் வைத்திருக்கும் மிஷின்களைப் பார்த்தால் எனக்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. நான் சொல்ல வந்தது ஒரு வார்த்தையைப் பற்றி. 'நீர் கோத்துக்கிச்சு' என்கிற வார்த்தை.

நம் பக்கத்தில் மனுஷ உடம்பில் நீர் எங்கே வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளும். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரம் காயாமல் பின்னல் போட்டால் மண்டையில் கோத்துக்கொள்ளும். மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் காலில் கோத்துக்கொள்ளும். வயசானவர்களுக்கு மூட்டில். எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே வைத்தியம் உண்டு. சுக்கை உரைத்துப் பத்துப் போடு, சாம்பிராணி பிடி, நொச்சி இலை போட்டு ஆவி பிடி. ஆகவே ஒரு டாக்டர் வாயிலிருந்து 'நீர் கோத்திருக்கிறது' என்று வந்துவிட்டால் ஜனங்களுக்குப் பெரிய நிம்மதி. இவ்வளவுதானா, நமக்குத் தெரிந்த வியாதிதான் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி எழுந்து போகப் பார்த்த ஒரு கூட்டத்தின் கதை இது. போனில் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வராத காலம், தொண்ணூறுகளின் கடைசி.

அன்று டாக்டரம்மா வரும் நாள். அவர் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், பட்டணத்துப் படிப்பு, கை அவ்வளவு நிதானம். நான் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டி முடித்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு வளைகாப்பு இறங்கியது.

வளைகாப்பு இறங்கியது என்றால் அப்படியேதான். நடுவில் ஒரு ஒன்பதாம் மாசத்துப் பெண். கன்னத்தில் சந்தனம், தலை கொள்ளாத பூ, முழங்கைவரை கண்ணாடி வளையல். அவளுக்கு வலது பக்கம் பத்துப் பெண்கள், இடது பக்கம் பத்துப் பெண்கள். ஒருத்தி கையில் புளியோதரைத் தூக்கு. இரண்டு பக்கமும் சண்டை. பின்னால் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே இவன்தான் புருஷன் என்று தெரிந்துவிட்டது.

பெண்ணின் பெயர் தேவகி. புருஷன் ஏகாம்பரம். சாலவாக்கத்தில் மாமியார் வீட்டில் காலையில் வளைகாப்பு முடிந்து, பிறந்த வீடான பெருநகருக்குப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வழியனுப்ப வாசல்வரை வந்த மாமியார் ரங்கம்மா, சண்டை பாதியில் நிற்கிறதே என்று தன் ஜனத்தோடு அதே வேனில் ஏறிவிட்டார். நடுவழியில் எங்கள் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்ததும் இரண்டு சம்பந்திகளுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ரங்கம்மா நேரே என் மேஜைக்கு வந்தார். நல்ல உயரம், பச்சைப் பட்டு, போடுகிற குரலுக்கு ஏர் மாடு தானாக ஓடும்.

"சார், இவ கண்ணு நல்லா கீதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. நாலு பேர் முன்னால வெக்கணும்."

பின்னாலேயே பெண்ணின் அம்மா பட்டம்மா ஓடிவந்தார். "இல்ல சார், என் பொண்ணுக்குக் கண்ணு செரியில்லன்னு எழுதிக் குடு சார்."

"ரெண்டையும் ஒரே சீட்டுல எழுத முடியாதும்மா. இன்னா நடந்துது, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"இன்னா நடந்துதா?" ரங்கம்மா முந்தானையைச் செருகிக்கொண்டார். "ஊரே பாத்துக்கினு இருக்குது. நான் சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறேன். மொதல்ல மாமியார் கால்ல வுழணும், அதானே மொறை? இவ என்னைத் தாண்டிப் போறா சார். போயி, சோறாக்க வந்த கன்னியம்மா கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கறா. அந்தப் பொம்பள சாம்பார் கரண்டியோட நிக்கிறா. கரண்டியாலயே ஆசீர்வாதம் பண்ணிட்டா!"

"ரெண்டு பேரும் பச்சைப் பொடவை சார். கொழந்த இன்னா பண்ணும்?" என்றார் பட்டம்மா.

"பச்சைன்னா? என்னையும் கன்னியம்மாவையும் பாத்தா ஒண்ணு போலவா கீது? நீயே சொல்லு சார்!"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் சம்சாரம் சொல்லித் தந்திருந்தாள். நான் டோக்கன் கட்டைச் சரிசெய்துகொண்டேன்.

தேவகியை உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. "பலகை கீது சார், அதுல இன்னாமோ கறுப்பா கீது" என்றாள். உடனே கூட்டத்தில் ஒரு பெண் "'ட' சொல்லுடி 'ட'!" என்றாள். கண் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்று வரியைக் கடகடவென்று படித்து, "எனக்கே தெரியுது" என்றார். ரங்கம்மா கைதட்டினார். "பாத்தியா? நடிக்கிறா!"

எந்தக் கண்ணாடி போட்டும் தெளியவில்லை. ஊசி ஓட்டை போட்ட தகட்டின் வழியே பார்க்கச் சொன்னேன். கண்ணாடியால் தீரக்கூடிய குறை என்றால் அந்த ஓட்டையில் கொஞ்சமாவது தெளியும் என்பது உங்களுக்கே தெரியும். தெளியவில்லை. இரண்டு கண்ணும் அப்படியே. விரலைக் காட்டினால் அருகில் வந்தால்தான் எண்ணுகிறாள்.

"எப்போலருந்தும்மா இப்படி?"

"முந்தா நாளு வௌக்கு வெக்கறப்போ சார். அகல் எரியறது தெரியுது, சாமி மூஞ்சி தெரியல. நெத்தியில ஒரே வலி. கண்ணு முன்னால மின்மினி பறக்கறாப்பல கீது."

"ஏன் சொல்லல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வளைகாப்பு வெச்சிக்கினு கண்ணு தெரியலன்னு சொன்னா, எங்கத்தை வேலைக்குப் பயந்துக்கினு சொல்றேன்னு சொல்லும் சார்."

அவள் தாழ்த்தியது போதவில்லை. "கேட்டியா, கேட்டியா!" என்றார் ரங்கம்மா.

இங்கே ஒரு சேதி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கண் நோயாளி வந்தால் நாம் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். அது பழக்கதோஷம். அன்று எனக்கு அவள் காலைப் பார்க்கத் தோன்றியது. மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. முகம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. வளையல்காரர் சோப்பு போட்டுத்தான் வளையல் ஏற்றினார் என்று பட்டம்மா சொன்னார். அதற்கும் ரங்கம்மா விடவில்லை. "எங்க வூட்டுச் சோறு. உடம்பு பூசிக்கினு கீது. அங்க இருந்து வரும்போது வெறகுக் குச்சி மாதிரி வந்தா!"

எனக்கு இது என்ன வியாதி என்று தெரியாது. கண்ணாடிக்கு வேலையில்லை, சீட்டுக்கும் வேலையில்லை என்று மட்டும் தெரிந்தது. டோக்கன் வரிசையைத் தள்ளிவிட்டு அவளை உள்ளே அழைத்துப்போனேன்.

டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் கண்ணுக்குள் பார்த்தார். மறுபடி பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவரச் சொன்னார். கைப்பட்டையை அவரே கட்டி, அவரே காற்றடித்து, பாதரசம் ஏறுவதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெருமாளே, அது உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது.

என்னை ஓரமாக அழைத்தார். "விழித்திரை ரெண்டு கண்ணுலயும் தூக்கிக்கிட்டு நிக்குது. பின்னால நீர். பிரசவ காலத்து பிரஷர். எந்த நேரமும் வலிப்பு வரலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. கண்ணுக்கு நாம செய்ய வேண்டியது எதுவுமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரை இறக்கி, பிள்ளையை வெளியே எடுத்தா, இந்த நீர் தானா வடிஞ்சிடும். இப்பவே கிளம்பணும்."

அதுவரை எனக்குத் தெரிந்த விழித்திரைக் கதை எல்லாம் கிழிசல் கதை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் விழித்திரை கிழியும். கிழிசல் வழியே தண்ணீர் பின்னால் போய் திரையைப் பெயர்த்துவிடும். கிழிசலே இல்லாமல் நீர் ஊறி நிற்பது வேறு வகை. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் ஆள், எங்கள் ஊர் ரைஸ் மில் முதலாளி. அவருக்கு ஒரு கண்ணில் எல்லாம் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. அவர் அதைக் கண் வியாதி என்று நினைக்கவில்லை. வீட்டில் இட்லியைச் சின்னதாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்தார். சம்சாரத்தோடு பேச்சுவார்த்தை நின்று, நாஷ்டாவுக்கு ஓட்டலுக்குப் போனார். அங்கேயும் இட்லி சின்னது. ஓட்டல் மாறினார். கடைசியில் ஒரு நாள் தன் இரண்டு கை கட்டைவிரலையும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு எங்களிடம் வந்தார். காரணம், மூச்சுத் திணறலுக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கித் தின்ற மாத்திரை, அதோடு மில் கவலை. மாத்திரையை டாக்டரம்மா முறைப்படி குறைத்து நிறுத்தினார். நீர் வடிந்தது. இட்லி பழைய அளவுக்கு வந்தது.

டாக்டரம்மா பிற்பாடு எனக்கு விளக்கினார். கிழிசல் இருந்தால் அதை அடைக்கப் பார்க்க வேண்டும். கிழிசல் இல்லாமல் நீர் நின்றால், இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பிரஷர் ஏறியிருக்கலாம். சிறுநீரகம் கெட்டிருக்கலாம். கண்ணின் உள்சதை அழற்சியால் வீங்கியிருக்கலாம். உள்ளே கட்டி வளரலாம். வேண்டாத மாத்திரையாக இருக்கலாம். நீரைப் பார்த்ததோடு நிற்காதீர்கள், நீருக்குக் காரணத்தைத் தேடுங்கள் என்பார்.

இப்போது வாசலுக்கு வருவோம். டாக்டரம்மா வெளியே வந்து, பொறுமையாக, நல்ல தமிழில் சொன்னார்: "இவங்களுக்குக் கண்ணுக்குள்ள, விழித்திரைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு."

அவ்வளவுதான். கூட்டம் பெருமூச்சு விட்டது.

"நீர் கோத்துக்கினு கீதா!" என்றார் ரங்கம்மா. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? காலையில இவ ஆத்தாக்காரி தலைக்கு ஊத்தினா சார். சாம்பிராணி போட்டியாடின்னு கேட்டேன், நேரமாச்சின்னா. மண்டையில எறங்கின நீரு, கண்ணுக்கு வந்துடுச்சி!"

"முந்தா நாளே தெரியலன்னு கொழந்த சொல்லுது. காலையில ஊத்தின தண்ணி முந்தா நாளு எப்படி போவும்? எல்லாம் உங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி. உப்புத் தண்ணி!"

"எங்க கெணத்தைப் பேசாத! ஊரே எடுத்துக்கினு போவுது!"

கூட்டத்தில் ஒருத்தி சுக்குக்குச் சிபாரிசு செய்தாள். இன்னொருத்தி பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்தால் நீர் மூக்கு வழியாக வந்துவிடும் என்றாள். ஒன்பதாம் மாசத்துப் பெண் எப்படிக் குப்புறப் படுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா பிரஷர் என்றார், வலிப்பு என்றார். யார் காதிலும் ஏறவில்லை. அவரே சொல்லிவிட்டாரே, நீர் என்று! பட்டம்மா பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினார். "வா, பெருநகர் போயி சாம்பிராணி போட்டா செரியாப் பூடும். வளைகாப்பு ஆன பொண்ணு வழியில குந்தக் கூடாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க பேசுங்க. உங்க பேச்சு இவங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லப் போனுக்குப் போனார்.

தம்பிகளே, அந்த ஒரு நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? நான் சாமி கும்பிடுகிறவன். கன்னத்தில் சந்தனம் பூசி, மடியில் வெற்றிலை பாக்கோடு நிற்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து 'செத்துப்போவாய்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழுமா? சொன்னால் அவளுக்குப் பயத்தில் இன்னும் பிரஷர் ஏறும். கூட்டம் 'அபசகுனம்' என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போய்விடும். சொல்லாமல் விட்டாலோ, வழியிலேயே வலிப்பு. "சரவணபவ" என்று ஒரு தரம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். 'அது நீர் இல்லை' என்று அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. அவர்கள் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதையே பிடித்தேன்.

"ஆமாம்மா, நீர்தான்" என்றேன். "கால்ல கீதே, அதே நீர். மொகத்துல கீதே, அதே நீர். தலைக்கு ஊத்தினது இல்ல. ரங்கம்மா, உங்களுக்கு நெலம் ஏரிக்கரைக்குக் கீழத்தானே?"

"ஏன், ரெண்டு போகம் எடுக்கறோம்."

"ஏரி தளும்ப நிக்குது. கரை ஒடையல, ஒரு எலி வளை கூட இல்ல. ஆனா கரைக்குப் பின்னால இருக்கற வயல்ல தண்ணி ஊறி நிக்குது. நீங்க இன்னா செய்வீங்க? வயல்ல சாம்பிராணி போடுவீங்களா?"

"மதகைத் தெறந்து ஏரித் தண்ணியை எறக்கணும். இது கூட தெரியாதா?"

"அதான். இவங்க உடம்பு இப்போ ரொம்பின ஏரி. பிரஷர்னா அதான். கண்ணுல இருக்கறது கசிவு. இப்படியே வுட்டா கரை தாங்காது."

ரங்கம்மா யோசித்தார். விவசாயி அல்லவா, நான் நினைத்ததைவிட ஒரு படி மேலே போய்விட்டார். "செரி, மதகு எங்க கீது?"

"மதகு... காஞ்சிபுரத்துல கீதும்மா" என்றேன்.

பஞ்சு வைத்த பெரியவர் சிரித்துவிட்டார். கூட்டமே சிரித்தது. ரங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசில் ஒரு முள் இன்னும் இருந்தது. மெய்யாலுமே தெரியவில்லையா, நடிக்கிறாளா? மெல்ல அவள் முன்னால் போய்க் குனிந்தார். கன்னத்தைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வாயைத் திறக்காமல் நின்றார்.

தேவகி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பச்சைப் புடவை. பெரிய உருவம். மரியாதையாகக் கேட்டாள்:

"கன்னியம்மாக்கா, நீயும் வேன்ல வந்துட்டியா?"

ஒரு கணம் அந்த அம்மாவின் முகத்தில் இடி இறங்குவதைப் பார்த்தேன். நான் கையைக் கூப்பிக்கொண்டேன். ஆனால் இடி வேறு திசையில் விழுந்தது. ரங்கம்மா நிமிர்ந்து, எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"என் மூஞ்சிக்கு நேரா இப்படிச் சொல்ற தைரியம் இந்த ஜில்லாவுலயே எவளுக்கும் கெடையாது. இவளுக்குச் சுத்தமா கெடையாது. மெய்யாலுமே கண்ணு தெரியலடா ஏகாம்பரம்! வேனைத் திருப்பச் சொல்லு!"

எந்தப் படிப்பும் செய்யாத சோதனையை அந்த அம்மாவின் கோபம் செய்து முடித்தது. ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. பட்டம்மா குறுக்கே நின்றார்.

"இப்போ ராவு காலம் சம்பந்தி. பிள்ளைத்தாய்ச்சியை வெச்சிக்கினு ராவு காலத்துல எப்படி கெளம்பறது? அது முடியட்டும்."

ராகு காலத்துக்கு ரங்கம்மாவும் பயப்படுவார். மறைப்பானேன், நானும் பயப்படுவேன். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். அப்போது வேன் டிரைவர் காதர் பாய் வாசலில் இருந்து குரல் கொடுத்தார்.

"யம்மா, வண்டி என்னுது. ஓட்டறவன் நான். எனக்கு ராவு காலம் கெடையாது. நீங்க யாரும் கெளம்பல, நான் கெளம்பறேன். நீங்க சொம்மா உள்ள குந்திக்கினு வாங்க."

அந்த சமாதானம் எங்கள் மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது. சாமி எந்த வாயில் வந்து பேசும் என்று யார் கண்டது?

டாக்டரம்மா சீட்டெழுதி என் கையில் கொடுத்து என்னையும் கூடப் போகச் சொன்னார். பெண்ணை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வெளிச்சம் கூடாது, சத்தம் கூடவே கூடாது, சின்ன அதிர்ச்சியில்கூட வலிப்பு வரலாம் என்றார். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடியை தேவகிக்கு மாட்டினேன். சந்தனமும் பூவும் கறுப்புக் கண்ணாடியுமாக அவளைப் பார்த்து, பயத்திலும் ஏகாம்பரத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பாவம், அன்று அவன் செய்த ஒரே காரியம் அதுதான். கூட வந்த பெண்களை எல்லாம் இறக்கிவிட்டு பஸ் ஏறச் சொன்னோம்.

வண்டி கிளம்பியதும் நான் சொன்னேன்: "காஞ்சிபுரம் போற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா கொழந்தைக்கு ஆபத்து."

இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். என் சர்வீஸில் நான் கொடுத்த மிகக் கடினமான வைத்தியம் அதுதான். கொஞ்ச தூரம் போனதும் பட்டம்மா ரங்கம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரங்கம்மா தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையைக் காட்டினார். பட்டம்மா கிணற்றில் வாளி இறைப்பதுபோல் இழுத்துக்காட்டி, வாயில் வைத்து, காறித் துப்புவதுபோல் அபிநயம் பிடித்தார். ரங்கம்மா கண்ணை உருட்டினார். கூத்து மேடையில்கூட நான் அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. ஒரு சத்தம் கிடையாது. காதர் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. தேவகியின் வளையல் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டன. அவள் உடம்பு திடுக்கிட்டது. ரங்கம்மா சட்டென்று கீழே இறங்கி, பட்டுப்புடவையோடு வேன் தரையில் உட்கார்ந்து, மருமகளின் ஒரு கை வளையல்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பட்டம்மாவும் இறங்கி அடுத்த கையைப் பிடித்தார். அப்புறம் அபிநயம் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ரங்கம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திட்டுகிறாரோ என்று உற்றுப் பார்த்தேன். குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். உடனே ஊசி போட்டு பிரஷரை இறக்கி, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, குரல் மட்டும் குறைவில்லை. தாயும் பிழைத்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். யாரோ மயக்கம் போட்டுவிட்டதாக நினைத்து வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆனால் பார்வை உடனே வரவில்லை. வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏரி இறங்கினாலும் வயலில் ஊறிய தண்ணீர் வற்ற நாளாகும் அல்லவா? அதைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். காரணத்தை நீக்கிவிட்டு, கண்ணுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். நடுவில் 'இன்னும் வரலையே' என்று கேட்பவர்களிடம் நாம் பதறக் கூடாது. நான் பதறவில்லை என்று வெளியே காட்டிக்கொண்டேன். வீட்டில் சாமி விளக்கின் முன் உட்காரும்போதெல்லாம், அகல் தெரிந்து சாமி முகம் தெரியாத அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவாள்.

அடுத்த வாரம் லென்ஸ் வாங்கக் காஞ்சிபுரம் போனவன், கோயில் பிரசாதத்தோடு வார்டுக்குப் போனேன். தேவகி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை. வீக்கம் வடிந்து அவள் முகம் அவளுடையதாக இருந்தது. பக்கத்து ஸ்டூலில் ரங்கம்மா. பட்டம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தார்.

"வா சார், குந்து" என்ற ரங்கம்மா என் காதோடு சொன்னார்: "இன்னும் கலங்கலாத்தான் தெரியுதாம். பெத்த கொழந்தை மூஞ்சியைப் பாக்க முடியலன்னு ராவெல்லாம் அழுதா சார். அதான் நானே தெனம் சொல்லிக்கினு கீறேன்."

பிறகு குரலை உயர்த்தி, தினப்படி வர்ணனையை எனக்காக முதலிலிருந்து ஆரம்பித்தார். "நெறம் அப்படியே எங்க பக்கம் சார், எலுமிச்சம்பழம். கண்ணு எங்க அப்பாரு கண்ணு. முடி எங்க வூட்டு முடி, இப்பவே பின்னல் போடலாம். மூக்கு கீதே மூக்கு, அது மட்டும்தான் பெருநகர் மூக்கு, கொஞ்சம் சப்பை. அது இன்னா பண்றது, சம்பந்தம் பண்ணிட்டோம்."

நான் குழந்தையைப் பார்த்தேன். நிறம் மாநிறம். முடி நாலைந்து இழை. மூக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தேவகி குழந்தையைக் கொஞ்சம் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அப்படித்தான் பார்ப்பாள்போல என்று நான் பிரசாதத்தைப் பிரித்தேன். பிறகு அவள் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். மறுபடி மாமியாரை.

"அத்தே."

"இன்னாடி?"

"இத்தனை நாளா சொன்னது அத்தினியும் பொய்யா? தலையில முடியே இல்ல. மூக்கும் எங்க அம்மா மூக்கு இல்ல. உங்க மூக்குதான் அப்படியே வந்து குந்திக்கினு கீது."

ரங்கம்மா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு கையால் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்த கணம் வார்டு அதிரக் கத்திக்கொண்டே நர்ஸ் அறையைப் பார்த்து ஓடினார்:

"நர்சம்மா! நர்சம்மா! சீக்கிரம் வாம்மா! என் மருமவளுக்குக் கண்ணு வந்துடுச்சி! என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாம்மா!"